முதல் 446 பைட்டுகள்: ஒரு கணினிக்குள் இரண்டு இயங்குதளங்கள் குடியிருந்த கதை

போன மாரி முடிந்த கையோடு ஒருநாள் இரவு எங்கட நண்பி ஒருத்தியின் லப்டொப் எழும்பவில்லை. கறுப்புத் திரை. 'அப்படி ஒரு பகிர்வு இல்லை' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே 'கிரப் ரெஸ்கியூ' என்ற இரண்டு சொற்களும் துடித்துக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கோடும். எதைத் தட்டினாலும் 'தெரியாத கட்டளை' என்று மட்டும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த லப்டொப்புக்குள்தான் அவளுடைய இறுதியாண்டு ஆய்வுக்கான குரல் பதிவுகள் எல்லாம் இருந்தன. மண்முனைத்துறையில் 2014இல் பாலம் திறக்கும்வரை படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்தது பாதையில்தான். அந்தப் பாதையில் போய்வந்த ஆட்களைத் தேடித் தேடிப் பேட்டி எடுத்திருந்தாள். அதில் ஒரு பெத்தா மாரியிலேயே காலமாகிவிட்டார். அவருடைய குரல் வேறெங்கும் இல்லை.

அடுத்தநாள் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். பார்த்தவர் இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்: "ஹாட் டிஸ்க் அடிபட்டுட்டு. போமட் அடிச்சாத்தான் சரிவரும். உள்ள கிடக்கிறது ஒண்டும் மிஞ்சாது." நாங்கள் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டோம். துணிச்சலால் இல்லை, பயத்தால்.

கலைப்பீடத்துப் பிள்ளைகள் நாங்கள், கணினி விஞ்ஞானம் படித்தவர்கள் இல்லை. ஆனால் ஒரு பிரச்சினை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடிப்போகப் பழகியவர்கள். அப்படித் தேடிப்போனதில் கிடைத்த வரலாறுதான் இந்தக் கட்டுரை. கடைசியில் அந்தப் பதிவுகளை மீட்டுத் தந்ததும் அந்த வரலாறுதான்.

ஒரு துண்டுக் கடதாசி அளவு இடம்

கணினியை நாங்கள் 'ஓன்' பண்ணும் கணத்தில் அதற்கு ஒன்றும் தெரியாது. விண்டோஸ் என்றால் என்ன, லினக்ஸ் என்றால் என்ன, கோப்பு என்றால் என்ன, எதுவுமே தெரியாது. தாய்ப்பலகையில் பதித்திருக்கும் பயோஸ் என்ற சின்ன நிரலுக்கு ஒரே ஒரு வேலைதான்: வட்டின் முதலாவது துண்டை, 512 பைட்டை, வாசித்து நினைவகத்தில் போட்டு 'இனி நீ பார்த்துக்கொள்' என்று ஒப்படைப்பது.

1981 ஓகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டபோது அதில் ஹாட் டிஸ்க்கே கிடையாது. பிளொப்பி வட்டைப் போட்டால் அதில் இருப்பது ஓடும், வேறு பிளொப்பியைப் போட்டால் வேறொன்று ஓடும். இரண்டு இயங்குதளங்களுக்குள் சண்டை வருவதற்கே இடமில்லை, ஏனென்றால் இரண்டும் இரண்டு வட்டில் இருந்தன.

1983 மார்ச்சில் வந்த பி.சி. எக்ஸ்.ரி.யில்தான் 10 மெகாபைட் ஹாட் டிஸ்க் வந்தது. கூடவே டொஸ் 2.0 பதிப்பும். ஒரு வட்டை ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்கள் பங்குபோட வேண்டி வரலாம் என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள். முதல் 512 பைட்டை மூன்றாகப் பிரித்தார்கள். 446 பைட் நிரலுக்கு. 64 பைட் காணி வரைபடத்துக்கு: பகிர்வு ஒன்றுக்கு 16 பைட் வீதம் நான்கே நான்கு பகிர்வு. மிச்சம் 2 பைட், இது சரியான துண்டுதான் என்று காட்டும் முத்திரை.

446 பைட் என்றால் எவ்வளவு? இன்று நாங்கள் யுனிகோட்டில் தட்டும் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 150 குறியீட்டைக்கூட அதற்குள் அடக்க ஏலாது. இந்தப் பந்தியின் அரைவாசிகூட அங்கே கொள்ளாது. ஆனால் கணினிக்குள் நுழையும் வாசல் அதுதான், அதுவும் ஒரேயொரு வாசல்.

இரட்டை இயங்குதளச் சண்டைகள் எல்லாம் இந்த ஒரு வாசலுக்காக நடந்தவைதான். காணி நான்காகப் பிரிந்து கிடக்கலாம், ஆனால் படலை ஒன்றுதான். கடைசியாகக் குடிவந்தவர் பழைய பூட்டைக் கழற்றிவிட்டுத் தன் பூட்டைப் போட்டுவிடுவார்.

லிலோவும் கிரப்பும்

1991 ஓகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தான் ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21, எங்கட வயதுதான். லினக்ஸைப் பரீட்சித்துப் பார்த்த பெரும்பாலானோரின் கணினியில் ஏற்கனவே டொஸ் இருந்தது. அதை அழிக்க யாருக்கும் மனமில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ள ஒரு வழி தேவைப்பட்டது.

1992இல் வேர்னர் அல்மஸ்பேகர் எழுதிய 'லிலோ' அந்த வழியைத் தந்தது. அது ஒரு எளிமையான ஆள். கோப்பு முறைமையெல்லாம் அதற்கு விளங்காது. லினக்ஸின் கருநிரல் வட்டில் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்று ஒரு முகவரிப் பட்டியலை வைத்துக்கொண்டு அதன்படி போய் எடுத்துவரும். கருநிரலை மாற்றிவிட்டு லிலோவுக்குச் சொல்ல மறந்தால் கதை முடிந்தது. ஒவ்வொரு படி முடிந்ததும் தன் பெயரின் ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் காட்டும். நான்கெழுத்தும் வந்தால் சுகம். இடையில் நின்றால், நின்ற எழுத்தை வைத்து எந்தப் படியில் கோளாறு என்று கண்டுபிடிப்பார்கள். காய்ச்சலுக்கு நாடி பார்ப்பதுபோல ஒரு வைத்தியம்.

1995இல் எரிக் போலின் 'கிரப்'பைத் தொடங்கினார். லினக்ஸுக்காக அல்ல, குனு திட்டத்தின் ஹேர்ட் என்ற இன்னொரு கருநிரலை எழுப்புவதற்காக. 1999இல் அது குனுவின் அதிகாரபூர்வமான பொதியாகியது. லிலோவுக்கும் கிரப்புக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு: கிரப்புக்குக் கோப்பு முறைமையை வாசிக்கத் தெரியும். முகவரிப் பட்டியலை நம்பி இராமல் தானே போய்க் கோப்புறையைத் திறந்து தேடும்.

அந்தக் கெட்டித்தனத்துக்கு ஒரு விலையும் இருந்தது. இவ்வளவு அறிவும் 446 பைட்டுக்குள் அடங்குமா? அடங்காது. எனவே கிரப் தன்னைத் துண்டாக்கிக்கொண்டது. வாசலில் ஒரு சின்னத் துண்டு. வாசலுக்கும் முதல் பகிர்வுக்கும் இடையில் வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் இன்னொரு துண்டு. மெனு உட்பட மிச்சமெல்லாம் லினக்ஸ் பகிர்வுக்குள் ஒரு கோப்புறையில்.

எங்கட நண்பியின் லப்டொப்புக்கு நடந்தது இந்த இடத்தில்தான் எங்களுக்கு விளங்கியது. சி டிரைவில் இடம் போதவில்லை என்று விண்டோஸுக்குள் நின்றபடியே லினக்ஸ் பகிர்வை அழித்திருக்கிறாள். 'பாவிக்காத இடம்தானே' என்று நினைத்திருக்கிறாள். வாசலில் நின்ற துண்டு வழமைபோல உள்ளே போய்த் தன் மிச்சத்தைத் தேடியது. தேடிய வீடே இல்லை. ஹாட் டிஸ்க் அடிபடவில்லை. விண்டோஸ் அடிபடவில்லை. பெத்தாவின் குரல் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. வாசற்காவலுக்குத்தான் வழி தெரியவில்லை.

மெனுவுக்குச் சொந்தக்காரர் யார்?

மைக்ரோசொப்டுக்கு இரட்டை இயங்குதளம் தெரியாத விசயம் இல்லை. 1993இல் வந்த விண்டோஸ் என்.ரி. 3.1இலேயே டொஸ்ஸா என்.ரி.யா என்று கேட்கும் மெனு இருந்தது. தன் பிள்ளைகள் இரண்டுக்கும் இடையில் தெரிவுசெய்ய அது இடம் கொடுத்தது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் இடமில்லை. விண்டோஸை மறுபடி நிறுவினால் அது யாரையும் கேட்காமல் முதல் 446 பைட்டைத் தன் நிரலால் நிரப்பிவிடும். லினக்ஸ் வட்டிலேயே கிடக்கும், ஆனால் மெனுவில் இராது. இப்படி 'காணாமல்போன' லினக்ஸைத் தேடித்தான் ஆயிரக்கணக்கானோர் கணினியின் தொடக்க முறையைப் படிக்க வேண்டி வந்தது.

இது வெறும் தொழில்நுட்பக் கவனயீனம் இல்லை என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. 1990களின் இறுதியில் பீ என்ற சிறு நிறுவனம் பீஓஎஸ் என்ற இயங்குதளத்தை வைத்திருந்தது. அதை விண்டோஸுடன் சேர்த்து ஒரே கணினியில் தர ஹிட்டாச்சி நிறுவனம் முன்வந்தது. ஆனால் தயாரிப்பாளர்களுடன் மைக்ரோசொப்ட் செய்திருந்த ஒப்பந்தங்கள், கணினி எழும்பும்போது வேறோர் இயங்குதளத்தைத் தெரிவுசெய்யும் மெனுவைக் காட்ட இடம் கொடுக்கவில்லை என்பது பீயின் குற்றச்சாட்டு. கணினி சந்தைக்கு வந்தபோது பீஓஎஸ் உள்ளேதான் இருந்தது, வாங்கியவர் கண்ணுக்குத்தான் படவில்லை. 2002இல் பீ வழக்குப் போட்டது. 2003இல் மைக்ரோசொப்ட் தவறை ஒப்புக்கொள்ளாமலே 2 கோடியே 32½ இலட்சம் டொலர் கொடுத்து வழக்கை முடித்தது. அதற்குள் பீ கடை மூடிவிட்டது.

காணியின் அளவை யாரும் குறைக்கவில்லை. படலையில் எந்தப் பெயர் எழுதலாம் என்பதை மட்டும்தான் கட்டுப்படுத்தினார்கள், அதுவே போதுமாக இருந்தது.

எங்கட பக்கம்

தமிழ்ப் பிள்ளைகள் பெருந்தொகையாக இரட்டை இயங்குதளத்தைக் கண்டது 2011இல், தமிழ்நாட்டில். அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸ் 7உடன், சென்னையில் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பொஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. கிராமத்துப் பள்ளிப் பிள்ளை முதன்முதலில் பெட்டியைத் திறந்து கணினியை எழுப்பும்போதே 'எது வேண்டும்' என்று ஒரு மெனு கேட்டது.

எங்கட நாட்டில் அப்படி யாரும் கொடுக்கவில்லை, நாங்களாகத்தான் போட்டுக்கொண்டோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளுக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது என்றாலும், கடையில் திருட்டு விண்டோஸ் சீடி கிடைக்காத காலம் என்று ஒன்றை எங்களுக்கு ஞாபகம் இல்லை. இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைத்தது லினக்ஸ்தான். உபுண்டு 2004 முதல் 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் உலகத்தின் எந்த மூலைக்கும் தபாலில் சீடி அனுப்பியது.

சுதந்திர மென்பொருள் இலங்கைக்கு வெளிநாட்டுச் சாமானும் இல்லை. 2004 டிசம்பர் 26இல் கல்லடி, நாவலடிக் கரைகளைச் சுனாமி அடித்துக்கொண்டு போனதற்குப் பிறகு, காணாமல்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களில் 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். மூலநிரலைத் திறந்தே வைத்தார்கள். பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பாவிக்கப்பட்டது. 2006இல் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன்பாட்டு விருது அதற்குக் கிடைத்தது.

எங்கட தலைமுறையை லினக்ஸ் பக்கம் தள்ளியது கொள்கை இல்லை, காசு. 2020இல் கொரோனா வந்து விரிவுரை எல்லாம் சூமுக்குப் போனது. 2022இல் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் சில மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. புது லப்டொப் கனவாகிப்போனது. அந்த ஆண்டு மார்ச் கடைசியில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. எங்களில் பலர் வாங்கியது யாரோ பாவித்துவிட்டு விற்ற பழைய மெசின். அதில் விண்டோஸ் இழுத்து இழுத்து ஓடும், லினக்ஸ் ஓடிவிடும். ஆனால் விண்டோஸை விடவும் ஏலாது. பிரின்ட் எடுக்கும் கடையில் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புத்தான் சரியாக வரும் என்பார்கள், சில படிவங்கள் அதிலேதான் ஒழுங்காகத் திறக்கும். ஆகவே இரண்டும். மறுகா, ஒருநாள் கறுப்புத் திரை.

பூட்டு வந்த காலம்

பழைய முறைக்கு ஒரு எல்லை இருந்தது. 64 பைட் காணி வரைபடத்தில் இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டைக் குறிக்க ஏலாது. பயோஸின் இடத்துக்கு யூ.ஈ.எஃப்.ஐ. வந்தது. 1990களில் இன்டெல் தொடங்கியதை 2005இலிருந்து பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரு மன்றமாக நடத்துகின்றன. இங்கே 446 பைட் சண்டை இல்லை. வட்டில் ஒரு தனிப் பகிர்வு இருக்கும், ஒவ்வோர் இயங்குதளமும் தன் கோப்புறையை அங்கே வைத்துக்கொள்ளும். ஒரு படலைக்குப் பதில் வரிசையாகக் கதவுகள். எந்தக் கதவை முதலில் திறப்பது என்ற பட்டியல் தாய்ப்பலகையில் இருக்கும்.

அத்தோடு சண்டை முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2012 ஒக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது 'செக்கியூர் பூட்' என்ற பூட்டும் கூடவே வந்தது. கையொப்பமிடப்படாத எந்த நிரலும் தொடக்கத்தில் ஓடக்கூடாது என்பது அதன் விதி. தீங்கு நிரல்களைத் தடுக்க நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலான கணினிகளில் இருந்த சாவி மைக்ரோசொப்டுடையது. இதனால் லினக்ஸ் ஓடாமல் போகலாம் என்று ரெட் ஹட்டில் வேலைசெய்த மத்தியூ காரட் 2011 செப்டெம்பரிலேயே எச்சரித்தார். கடைசியில் ஒரு சமரசம் வந்தது. 'ஷிம்' என்ற சின்ன இடைநிரலுக்கு மைக்ரோசொப்ட் கையொப்பமிடும், ஷிம் கிரப்பை அழைக்கும், கிரப் லினக்ஸை அழைக்கும்.

அந்தச் சமரசம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது 2024 ஓகஸ்டில் தெரிந்தது. கிரப்பின் ஓட்டையுள்ள பழைய பதிப்புகளைத் தடுக்க மைக்ரோசொப்ட் ஒரு இற்றைப்படுத்தலை அனுப்பியது. இரட்டை இயங்குதளம் உள்ள கணினிகளுக்கு இது போகாது என்றும் சொல்லியிருந்தது. ஆனால் போனது. முதல்நாள் வரை ஒழுங்காக எழும்பிய லினக்ஸ் பலருக்கு 'ஏதோ பாரதூரமான பிழை' என்று சொல்லிவிட்டு அணைந்தது. 2025 மே மாத இற்றைப்படுத்தலில்தான் அதை முழுதாகச் சரிசெய்தார்கள்.

சாவியைத் தேடிய இரவு

இவ்வளவையும் வாசித்த பிறகுதான் அந்த லப்டொப்பில் கை வைத்தோம். நாங்கள் செய்த ஒழுங்கைச் சொல்கிறோம், உங்களுக்கும் ஒருநாள் உதவும்.

முதலாவது, ஒன்றையும் எழுதக்கூடாது. போமட் இல்லை, மறுநிறுவல் இல்லை. இன்னொருவரின் கணினியில் ஒரு பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றி, 'நிறுவாமல் பரீட்சித்துப் பார்' என்ற தெரிவில் எழுப்பினோம். விண்டோஸ் பகிர்வு தெரிந்தது. ஆனால் வாசிக்க மட்டும்தான் விட்டது. விண்டோஸ் 8இலிருந்து 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று உண்டு. அணைக்கிறோம் என்று நாங்கள் நினைக்கும்போது விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் கிடக்கும். அந்த நிலையில் வெளியாள் எழுதினால் கோப்புகள் குழம்பும். எங்களுக்கு வாசித்தாலே போதும். பதிவுகளை முதலில் வெளி வட்டுக்கு எடுத்தோம். பெத்தாவின் கோப்பைத் திறந்து கேட்டோம். குரல் இருந்தது.

இரண்டாவது, பழைய முறையா புது முறையா என்று பார்த்தோம். இது பழைய பயோஸ் மெசின். விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் எழுப்பி, 'ரிப்பெயர்' பகுதியில் கட்டளைத் திரைக்குப் போய் 'பூட்ரெக்' கட்டளையை 'பிக்ஸ்எம்பிஆர்' தெரிவோடு கொடுத்தோம். அது தொடுவது அந்த 446 பைட்டை மட்டும்தான். மறுபடி எழுப்பினோம். விண்டோஸ் வந்தது. கட்டளை ஓடியது ஒரு விநாடி. அங்கே போய்ச் சேரத்தான் எங்களுக்கு மூன்று நாள் எடுத்தது.

புது யூ.ஈ.எஃப்.ஐ. மெசின் என்றால் வழி வேறு. முதலில் அமைப்புத் திரைக்குப் போய்க் கதவுகளின் வரிசையைப் பாருங்கள். பல நேரம் கிரப் அழிந்திராது, பட்டியலில் பின்னுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். செக்கியூர் பூட்டைத் தொடுவதற்கு முன் பிட்லொக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவி இல்லாமல் பூட்டை மாற்றினால் உங்கள் கோப்புகளுக்கே நீங்கள் அந்நியராகிவிடலாம். லினக்ஸை நீக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் விண்டோஸின் வாசலைத் திருப்பிப் போட்டுவிட்டு, மறுகா பகிர்வை அழியுங்கள்.

இரண்டு நேரம்

எல்லாம் சரிவந்த பிறகு ஒரு சின்னக் குழப்பம் மிஞ்சியது. காலை 10 மணிக்கு விண்டோஸ் 4.30 என்றது. மெசின் பழுது இல்லை. லினக்ஸ் தாய்ப்பலகைக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையில் இலங்கையின் ஐந்தரை மணித்தியாலம். லினக்ஸை உள்ளூர் நேரத்தையே வைக்கச் சொல்லி ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் முடிந்தது.

ஆனால் அதைப் பார்த்து எங்கட நண்பி சிரித்துவிட்டாள். அவளுடைய பதிவுகளிலும் அதே கதை இருக்கிறது. 1996இல் அரசு நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியது, முதலில் ஒரு மணித்தியாலம், அந்த ஆண்டு ஒக்டோபரில் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. 2006 ஏப்ரலில்தான் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியது. ஒரே வாவி, ஒரே சூரியன், ஆனால் மணி கேட்டால் 'பழைய நேரமா, புது நேரமா' என்று திருப்பிக் கேட்ட காலம். இரண்டு நேரத்தையும் மனதில் கணக்குப் பார்த்துக்கொண்டு அந்தச் சனம் பாதையேறிச் சந்தைக்கும் ஆசுபத்திரிக்கும் போய்வந்திருக்கிறது.

அந்தப் பதிவுகள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. லப்டொப்பில் ஒன்று, வெளி வட்டில் ஒன்று, எங்கள் இன்னொரு நண்பனின் வீட்டில் ஒன்று. அவள் லினக்ஸை மறுபடி போட்டிருக்கிறாள். இந்தமுறை பகிர்வுகளின் படத்தைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கீறி, எது எங்கே இருக்கிறது என்று தமிழில் எழுதியும் வைத்திருக்கிறாள்.

உங்கள் லப்டொப் கறுத்துப்போய் 'ரெஸ்கியூ' என்று நின்றால், போமட் என்று சொல்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "உடைஞ்சது வீடா, வாசலா?" பதில் தெரியாவிட்டால் லப்டொப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள். பென் டிரைவோடு நாங்கள் இருக்கிறோம்.